சீக்கோ 5

சீக்கோ 5 என்பது ஜப்பானிய நிறுவனமான சீக்கோ 1963ஆம் ஆண்டு முதல் தயாரித்து வரும் தானியங்கிக் கைக்கடிகார வரிசையாகும். இக்கடிகாரங்களில் மின்கலம் இல்லை. நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. அணிந்திருப்பவரின் கை அசைவே உள்ளிருக்கும் சுருள்வில்லை முறுக்கிக் கடிகாரத்தை இயங்கச் செய்கிறது. எளிய வருவாய் உள்ளவர்களும் வாங்கத்தக்க விலையில் தானியங்கிக் கடிகாரத்தைப் பல நாடுகளுக்குக் கொண்டுசென்ற வரிசைகளுள் இது முதன்மையான ஒன்றாகும்.

நேரந்தவறாமையை மட்டும் கருதினால், சீக்கோ 5ஐ விடப் பன்மடங்கு விலை குறைந்த குவார்ட்ஸ் கடிகாரம் இதைவிடத் துல்லியமானது. இவ்வுண்மையை அறியாமல் வாங்குவோர் ஏமாற்றமடைவதுண்டு. பழுது நீக்கத்தக்க, பாகங்கள் மாற்றத்தக்க, பல ஆண்டுகள் உழைக்கும் ஓர் எளிய எந்திரம் என்பதே இதன் மதிப்பு. எனவே இதனை வாங்குவோர் முகப்பின் அழகோடு உள்ளிருக்கும் பொறியையும் அதன் எல்லைகளையும் அறிந்திருப்பது பயன் தரும்.

பெயர்க் காரணம்

பெயரிலுள்ள 5 என்னும் எண், இவ்வரிசையின் முதல் கடிகாரத்தில் அமைந்திருக்க வேண்டும் என நிறுவனம் வகுத்த ஐந்து பண்புகளைக் குறிக்கிறது. அவை:

1. தானாக முறுக்கிக்கொள்ளும் பொறி
2. கிழமையும் தேதியும் முகப்பில் 3 மணி இடத்திலுள்ள ஒரே சாளரத்தில் தெரிதல்
3. நீர் புகாத் தன்மை
4. 4 மணி இடத்தில் கூட்டினுள் சற்றே பதிந்திருக்கும் சாவிக் குமிழ்
5. நீடித்து உழைக்கும் கூடும் பட்டையும்

நான்காவது பண்பு வெறும் அலங்காரம் அன்று. சாவி கொடுக்க வேண்டிய கடிகாரங்களில் குமிழ் 3 மணி இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நாள்தோறும் அதைப் பிடித்துத் திருக வேண்டும். தானியங்கிக் கடிகாரத்தில் அத்தேவை இல்லை என்பதை வாங்குபவருக்குக் கண்கூடாக உணர்த்தும் வகையில் குமிழ் சிறிதாக்கப்பட்டு ஒதுக்கி வைக்கப்பட்டது. மணிக்கட்டை மடக்கும்போது அது புறங்கையில் குத்தாமலிருப்பது கூடுதல் நன்மை.

வரலாறு

சீக்கோ நிறுவனத்தின் தொடக்கம் 1881இல் ஹட்டோரி கின்டாரோ என்பவர் டோக்கியோவில் திறந்த கடிகாரக் கடை ஆகும். 1892இல் அவர் சீக்கோஷா என்ற பெயரில் தொழிற்சாலை நிறுவினார். 1913இல் வெளிவந்த லாரல் ஜப்பானில் செய்யப்பட்ட முதல் கைக்கடிகாரமாகக் கருதப்படுகிறது. 1956இல் இந்நிறுவனம் தன் முதல் தானியங்கிக் கைக்கடிகாரத்தை வெளியிட்டது.

தானியங்கிக் கடிகாரம் ஜப்பானியரின் கண்டுபிடிப்பு அன்று. சட்டைப்பையில் வைக்கும் தானியங்கிக் கடிகாரங்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் செய்யப்பட்டன. கைக்கடிகாரத்தில் இம்முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயரான ஜான் ஹார்வுட். 1920களில் இவர் காப்புரிமை பெற்றார். முழு வட்டமாகச் சுழலும் எடையைக் கொண்ட கடிகாரத்தை ரோலெக்ஸ் நிறுவனம் 1931இல் வெளியிட்டது. ஆயினும் தானியங்கிப் பொறிகள் பாகங்கள் மிகுந்தவையாகவும் அதனால் விலை மிகுந்தவையாகவும் இருந்தன.

இந்நிலையை மாற்றியதில் 1959இல் சீக்கோவின் சுவா தொழிற்சாலையில் உருவான 'மாய நெம்புகோல்' என்ற அமைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. பாகங்களின் எண்ணிக்கையைக் குறைத்த இவ்வமைப்பைப் பயன்படுத்தி 1963இல் ஸ்போர்ட்ஸ்மேட்டிக் 5 வெளியிடப்பட்டது. இதுவே சீக்கோ 5 வரிசையின் முதல் கடிகாரம் ஆகும். 1968இல் இளைஞர்களுக்காக 5 ஸ்போர்ட்ஸ் என்ற உள்வரிசை தொடங்கப்பட்டது.

1969 டிசம்பர் 25 அன்று இதே நிறுவனம் அஸ்ட்ரான் என்ற உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் குவார்ட்ஸ் கடிகாரங்களின் விலை பெரிதும் சரிந்தது. எந்திரக் கடிகாரங்களைச் செய்துவந்த சுவிட்சர்லாந்து நிறுவனங்கள் பல மூடப்பட்டு, அந்நாட்டுக் கடிகாரத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் வேலை இழந்தனர். குவார்ட்ஸ் புரட்சியைத் தொடங்கிய சீக்கோவே விலை குறைந்த எந்திரக் கடிகாரத்தைக் கைவிடாமல் தொடர்ந்து செய்தது குறிப்பிடத்தக்கது. மின்கலம் மாற்றத் தேவையில்லாத கடிகாரத்துக்கு ஆசியா, மேற்காசியா, தென் அமெரிக்கா ஆகிய பகுதிகளில் வாடிக்கையாளர்கள் இருந்தனர்.

1996இல் அறிமுகமான 7எஸ்26 பொறி இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வரிசையின் முதுகெலும்பாக விளங்கியது. 37 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஸ்.என்.கே. 809 போன்ற மாதிரிகள் 2010களில் 100 அமெரிக்க டாலருக்கும் குறைவாக விற்கப்பட்டு, முதன்முதலாக எந்திரக் கடிகாரம் வாங்குவோரிடையே பெயர்பெற்றன. 2019இல் 5 ஸ்போர்ட்ஸ் வரிசை புதிய சின்னத்துடனும் 4ஆர்36 பொறியுடனும் மறுஅறிமுகம் செய்யப்பட்டது. முகப்பில் நெடுங்காலம் இருந்துவந்த கேடய வடிவச் சின்னம் அப்போது மாற்றப்பட்டது. விலையும் முந்தைய எளிய மாதிரிகளைவிடக் கணிசமாக உயர்ந்தது.

இயங்கும் முறை

எல்லா எந்திரக் கடிகாரங்களையும் போல இதிலும் ஆற்றலைச் சேமிப்பது ஒரு சிறு பீப்பாயினுள் சுருட்டி வைக்கப்பட்ட எஃகுச் சுருள்வில் ஆகும். வில் விரியும்போது அதன் விசை பற்சக்கரங்களின் வழியே செல்கிறது. வில் ஒரேயடியாக விரிந்துவிடாமல் தடுத்து, சிறிது சிறிதாக விடுவிப்பது கடைசிச் சக்கரத்தோடு இணைந்த நெம்பு ஆகும். அந்நெம்பைத் தாளந்தவறாமல் இயக்குவது, மயிரிழை போன்ற நுண்சுருளால் இருபுறமும் மாறிமாறி ஊசலாடும் சமநிலைச் சக்கரம். சுவர்க்கடிகாரத்தில் ஊசல் செய்யும் பணியை இங்கு இச்சக்கரம் செய்கிறது.

சீக்கோ 5இல் பயன்படும் 7எஸ்26, 4ஆர்36 ஆகிய இரண்டு பொறிகளும் மணிக்கு 21,600 முறை, அதாவது நொடிக்கு 6 முறை துடிக்கின்றன. இதனாலேயே நொடிமுள் குவார்ட்ஸ் கடிகாரத்தைப் போல நொடிக்கு ஒருமுறை துள்ளாமல் வழுக்கிச் செல்வதுபோல் தோன்றுகிறது. ஒரு நாளில் இவ்வாறு 5,18,400 துடிப்புகள் நிகழ்கின்றன. தேய்மானத்தைக் குறைப்பதற்காக முக்கிய அச்சுகள் செயற்கை மாணிக்கக் கற்களில் பொருத்தப்பட்டுள்ளன. முகப்பில் '21 ஜுவல்ஸ்' என்பது போலக் குறிக்கப்படுவது இக்கற்களின் எண்ணிக்கையே ஆகும். இவை விலையுயர்ந்த நவமணிகள் அல்ல. மறுவிற்பனை மதிப்பு உடையவையும் அல்ல. சமநிலைச் சக்கரத்தின் மெல்லிய அச்சை அதிர்ச்சியிலிருந்து காக்க டயாஷாக் என்ற வில்தாங்கி உண்டு.

மாய நெம்புகோல்

பொறியின் பின்புறம் அரைவட்ட வடிவிலான ஓர் எடை தாங்கியின் மீது தங்குதடையின்றிச் சுழல்கிறது. கை அசையும்போது புவியீர்ப்பினால் இவ்வெடை இருபுறமும் திரும்புகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுருள்வில்லை ஒரே திசையில் முறுக்குவது எப்படி என்பதே பொறியாளர்கள் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல். பல நிறுவனங்கள் இதற்குத் திசைமாற்றும் பற்சக்கரத் தொகுதிகளைப் பயன்படுத்தின.

சீக்கோவின் தீர்வு எளியது. எடையின் சுழற்சி, மையம் விலகிய ஒரு முளையை வட்டமாகச் சுற்றச் செய்கிறது. அம்முளையில் இரு கைகள் கொண்ட கவட்டை போன்ற ஒரு தகடு மாட்டப்பட்டுள்ளது. கைகளின் முனைகள் ஒரு சிறு பற்சக்கரத்தின் இருபுறமும் பற்றியுள்ளன. முளை சுற்றும்போது தகடு முன்னும் பின்னும் செல்கிறது. ஒரு கை சக்கரத்தைத் தள்ளும்போது மறு கை பல்லின் மேல் வழுக்குகிறது. பின்வாங்கும்போது மறு கை இழுக்கிறது, முதற்கை வழுக்குகிறது. ஆகவே எப்பக்க அசைவும் வீணாவதில்லை. பாகங்கள் குறைவு என்பதால் செலவும் பழுதும் குறைவு. கண்ணாடிப் பின்மூடி உள்ள மாதிரிகளில் சுழலும் எடையையும் சமநிலைச் சக்கரத்தின் ஊசலாட்டத்தையும் காணலாம். பலர் இக்கடிகாரத்தை விரும்புவதற்கு இக்காட்சியே முதற்காரணம்.

துல்லியம்

4ஆர்36 பொறிக்கு நிறுவனம் அறிவித்துள்ள எல்லை, நாளொன்றுக்கு 45 நொடி முந்துதல் முதல் 35 நொடி பிந்துதல் வரை ஆகும். நடைமுறையில் பல கடிகாரங்கள் இதைவிட நன்றாக ஓடினாலும், எல்லைக்குள் உள்ள பிழையைக் குறையாகக் கொண்டு கடையில் முறையிட இயலாது.

இப்பிழையைச் சரியாக மதிப்பிட ஒரு சிறு கணக்கு உதவும். ஒரு நாளில் 86,400 நொடிகள் உள்ளன. நாளுக்கு 20 நொடி முந்தும் கடிகாரத்தின் பிழை 0.023 விழுக்காடு மட்டுமே. பஞ்சு போன்ற சிறு தூசியும் எண்ணெயின் பிசுக்கும் பாதிக்கத்தக்க ஓர் எந்திரத்துக்கு இது வியப்பூட்டும் அளவு. ஆனால் அதே பிழை ஒரு மாதத்தில் 10 நிமிடம் ஆகிறது. சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரத்தின் பிழை மாதத்துக்கு ஏறத்தாழ 15 நொடி. எனவே வாரம் ஓரிருமுறை நேரத்தைச் சரிசெய்ய மனமில்லாதவர்களுக்குச் சீக்கோ 5 ஏற்றதன்று.

கடிகாரம் வைக்கப்படும் நிலையும் ஓட்டத்தை மாற்றும். இரவில் கழற்றி வைக்கும்போது முகப்பு மேல்நோக்கி இருந்தால் ஒருவிதமாகவும், குமிழ் மேல்நோக்கி இருந்தால் வேறுவிதமாகவும் ஓடக்கூடும். சில நாட்கள் வெவ்வேறு நிலைகளில் வைத்துக் குறித்துப் பார்த்தால், பகலில் முந்தியதை இரவில் ஈடுசெய்யும் நிலை எது எனக் கண்டறியலாம். எப்போதும் முந்தியோ பிந்தியோ ஓடினால், கடிகாரத் தொழிலாளி சமநிலைச் சக்கரத்தின் அருகிலுள்ள சிறு நெம்பை நகர்த்திச் சீராக்குவார். நேற்றுவரை சரியாக ஓடிய கடிகாரம் திடீரென மிகவும் முந்தினால், ஒலிபெருக்கி, கைப்பேசி உறை ஆகியவற்றிலுள்ள காந்தத்தால் நுண்சுருள் காந்தமேறியிருக்க வாய்ப்புண்டு. காந்தம் நீக்கும் கருவி உள்ள கடையில் இது சில நொடிகளில் சரியாகும். பொறியைக் கழற்றத் தேவையில்லை.

புதிதாக வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* பொறி எண்: பின்மூடியில் பொறியின் எண்ணும் கூட்டின் எண்ணும் இடையில் சிறு கோட்டுடன் பொறிக்கப்பட்டிருக்கும். 7எஸ்26 எனில் குமிழைத் திருகிச் சாவி கொடுக்க முடியாது. நேரம் திருத்தும்போது நொடிமுள்ளும் நிற்காது. 4ஆர்36 எனில் இரண்டு வசதியும் உண்டு. வாரத்தில் சில நாட்கள் மட்டும் அணிபவர்களுக்கு இவ்வேறுபாடு முக்கியமானது.

* சேமிப்பு நேரம்: முழுவதும் முறுக்கிய நிலையில் இரண்டு பொறிகளும் ஏறத்தாழ 40 மணிநேரம் ஓடும். வெள்ளி மாலை கழற்றி வைத்தது திங்கள் காலை நின்றிருந்தால் அது பழுதன்று.

* நீர்த்தடுப்பு: 30 மீட்டர் எனக் குறிக்கப்பட்ட மாதிரிகள் வியர்வைக்கும் கைகழுவும் நீருக்கும் மட்டுமே போதுமானவை. அந்த எண் நீச்சலடிக்கத்தக்க ஆழத்தைக் குறிப்பதன்று. 100 மீட்டர் எனக் குறிக்கப்பட்டவற்றை அணிந்து நீந்தலாம். காற்றுக்கலத்துடன் ஆழ்கடலில் மூழ்க அவையும் ஏற்றவையல்ல.

* அளவு: விட்டத்தை மட்டும் பார்க்காமல், பட்டை மாட்டும் மேல்கீழ்க் கொம்புகளின் முனையிலிருந்து முனைவரையுள்ள நீளத்தையும் பார்க்க வேண்டும். இந்நீளம் மணிக்கட்டின் அகலத்தைத் தாண்டினால் கடிகாரம் பொருந்தாது. தானியங்கிகள் குவார்ட்ஸ் கடிகாரங்களைவிடத் தடிமன் கூடியவை. முழுக்கைச் சட்டையின் முனையினுள் எளிதில் நுழையாமல் போகலாம்.

* கண்ணாடி: பெரும்பாலான மாதிரிகளில் ஹார்ட்லெக்ஸ் எனப்படும் கடினமாக்கப்பட்ட கண்ணாடி உள்ளது. இது எளிதில் உடையாது. ஆனால் நீலக்கல் கண்ணாடியைவிட விரைவில் கீறல் விழும்.

* தயாரிப்பு நாடு: மாதிரி எண்ணின் முடிவில் கே1, ஜே1 என இருவகைக் குறிகள் காணப்படுவதுண்டு. ஜே1 வகையின் முகப்பில் ஜப்பானில் செய்யப்பட்டது என்ற எழுத்து இருக்கும். இரண்டிலும் உள்ள பொறி ஒரே வகையினது. எழுத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பது வாங்குபவரின் விருப்பம். அதனால் நேரம் துல்லியமாகிவிடாது.

* முதற்சோதனை: நொடிமுள் எந்த இடத்திலும் தயங்காமல் சுற்றுகிறதா, கிழமையும் தேதியும் நள்ளிரவை ஒட்டி மாறுகின்றனவா, முகப்பின் விளிம்பு வளையம் குறிகளுக்கு நேராக உள்ளதா என்பவற்றைப் பார்த்து வாங்க வேண்டும்.

பழைய கடிகாரங்கள்

இந்தியாவில் பழைய சீக்கோ 5 கடிகாரங்கள் பெருமளவில் மறுவிற்பனைக்கு வருகின்றன. இவற்றுள் 7009 பொறி கொண்டவை மிகுதி. நல்ல நிலையில் கிடைத்தால் இவை புதிய கடிகாரத்தின் விலையில் சிறுபகுதிக்கு வாங்கத்தக்கவை. ஆயினும் விற்பனைக்கு வருபவற்றுள் பல, மங்கிய முகப்புக்கு மேல் புதுவண்ணம் பூசி, வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டப்பட்டவை. எச்.எம்.டி. நிறுவனத்தின் பழைய கடிகாரங்களிலும் இதே நிலை காணப்படுகிறது. அந்நிறுவனத்தின் கைக்கடிகாரப் பிரிவை மூட இந்திய அரசு 2016 சனவரியில் முடிவெடுத்த பின்னர் அவற்றுக்குத் தேவை கூடியது.

மறுவண்ணம் பூசியவற்றைச் சில அடையாளங்களால் இனங்காணலாம். எழுத்துகளின் விளிம்பு தடித்தோ பிசிறடித்தோ இருக்கும். நிமிடக் கோடுகள் முகப்பின் ஓரத்தோடு பொருந்தாமல் சாய்ந்திருக்கும். தேதிச் சாளரத்தின் ஓரத்தில் வண்ணம் வழிந்திருக்கும். முகப்பின் அடிப்பகுதியில் மிகச்சிறு எழுத்தில் அச்சிடப்படும் எண் இல்லாமலோ, பின்மூடியிலுள்ள பொறி எண்ணோடு ஒவ்வாமலோ இருக்கும். நாற்பதாண்டுப் பழமையான கடிகாரத்தில் ஆரஞ்சு, இளநீலம் போன்ற பளிச்சிடும் வண்ணம் புத்தம் புதிதாகத் தெரிவதே ஐயத்துக்குப் போதுமான காரணம்.

பின்மூடியிலுள்ள தொடரெண்ணைக் கொண்டு காலத்தைக் கணிக்கலாம். ஆறு இலக்கத் தொடரெண்களில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், அடுத்தது மாதத்தையும் குறிக்கும். 1 முதல் 9 வரை சனவரி முதல் செப்டம்பர், சுழியம் அக்டோபர், நவம்பருக்கும் டிசம்பருக்கும் அவற்றின் ஆங்கில முதலெழுத்துகள். தொடரெண் 73 எனத் தொடங்கினால் அது 7இல் முடியும் ஓர் ஆண்டின் மார்ச்சு மாதம். பொறி 7009 எனில் அது 1977 அல்லது 1987 ஆகலாம். 7எஸ்26 எனில் 1997 அல்லது அதற்குப் பிந்தியது. விற்பவர் கூறும் காலம் இதனோடு ஒத்துவராவிடில், கூடும் பொறியும் வெவ்வேறு கடிகாரங்களுக்கு உரியவையாக இருக்கலாம். வளைகுடா நாடுகளுக்காகச் செய்யப்பட்டவற்றில் கிழமை ஆங்கிலத்திலும் அரபு மொழியிலும் இருக்கும். இது போலி என்பதற்கு அடையாளமன்று.

பயன்படுத்தும் முறையும் பராமரிப்பும்

நின்றுபோன 7எஸ்26 கடிகாரத்தைக் கிடைநிலையில் பிடித்துப் பக்கவாட்டில் அரை நிமிடம் மெதுவாக அசைத்தால் ஓடத் தொடங்கும். பின்னர் நேரம் வைத்து அணிய வேண்டும். வேகமாக உலுக்குவதால் பயனில்லை.

இரவு 9 மணிமுதல் அதிகாலை 4 மணிவரை கிழமை, தேதி ஆகியவற்றைக் குமிழால் மாற்றக்கூடாது. அந்நேரத்தில் தேதியை நகர்த்தும் பற்கள் தாமாகவே இணைந்திருக்கும். வலிந்து திருப்பினால் அவை உடையலாம். முட்களை முதலில் 6 மணிக்குக் கொண்டுவந்து, தேதியை மாற்றி, அதன்பின் நேரம் வைப்பது பாதுகாப்பானது. தேதி நண்பகலில் மாறினால், முற்பகலும் பிற்பகலும் மாறி வைக்கப்பட்டுள்ளன என்று பொருள். முட்களைப் பன்னிரண்டு மணிநேரம் முன்னோக்கி நகர்த்தினால் சரியாகும்.

பொறியிலுள்ள எண்ணெய் ஆண்டுகள் செல்லச்செல்ல வறண்டு பிசுபிசுப்பாகும். அப்போது பொறியைக் கழற்றித் துடைத்து மீண்டும் எண்ணெயிட வேண்டும். சேமிப்பு நேரம் குறைவதும், ஓட்டம் நாளுக்குநாள் மாறுவதும் இதற்கான அறிகுறிகள். நீர்த்தடுப்பு வளையம் இறுகிப்போகக்கூடியது என்பதால் பின்மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதைச் சோதிப்பது நல்லது.

இங்குதான் விலை குறைந்த எந்திரக் கடிகாரத்தின் பொருளாதாரச் சிக்கல் எழுகிறது. முழுமையாகக் கழற்றித் துடைப்பதற்கான கூலி, கடிகாரத்தின் விலையில் பெரும்பகுதியை எட்டிவிடக்கூடும். ஆகவே சிலர் பழைய பொறியைத் துடைக்காமல், சீக்கோ குழுமம் பிற நிறுவனங்களுக்கு விற்கும் என்.எச்.36 என்ற பொறியை வாங்கி மாற்றிவிடுகின்றனர். இது 4ஆர்36 பொறியின் பெயரில்லாப் பதிப்பு ஆகும். குமிழ்த் தண்டை மாற்றுவது போன்ற சிறு மாற்றங்களுடன் 7எஸ்26 இருந்த கூட்டில் இதைப் பொருத்த முடிகிறது. இம்முறையில் முன்பு இல்லாத சாவி கொடுக்கும் வசதியும் கிடைக்கிறது. மற்றொரு வழி, கடிகாரம் நன்றாக உள்ள காலத்திலேயே எந்திரக் கடிகாரத்தில் பழக்கமுள்ள தொழிலாளி ஒருவரைக் கண்டறிந்து வைத்துக்கொள்வது. மின்கலம் மட்டும் மாற்றித்தரும் கடைகள் பெருகி, பொறியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தோர் குறைந்துவரும் சூழலில் இது புறக்கணிக்கத்தக்க அறிவுரை அன்று.

ஒப்பிடத்தக்க பிற கடிகாரங்கள்

ஜப்பானின் ஓரியண்ட் நிறுவனமும் இதே விலைத் தரத்தில் தானியங்கிகளைச் செய்கிறது. சிட்டிசன் நிறுவனத்தின் 8200 வகைப் பொறிகள் பல நாடுகளின் கடிகாரங்களில் பயன்படுகின்றன. இவற்றில் எடை ஒரு திசையில் திரும்பும்போது மட்டுமே வில் முறுக்கப்படுகிறது. இந்தியாவில் 1961இல் சிட்டிசன் ஒத்துழைப்புடன் பெங்களூரில் கடிகார உற்பத்தியைத் தொடங்கிய எச்.எம்.டி., சாவி கொடுக்கும் ஜனதாவோடு தானியங்கிக் கடிகாரங்களையும் விற்றது.

சுவிட்சர்லாந்தின் சுவாட்ச் நிறுவனம் 2013இல் அறிமுகப்படுத்திய சிஸ்டம்51 வேறுபட்ட வழியைப் பின்பற்றியது. 51 பாகங்கள் மட்டுமே கொண்ட இப்பொறி இயந்திரங்களால் பூட்டப்பட்டுக் கூட்டினுள் நிலையாக மூடப்படுகிறது. இது 90 மணிநேரம் ஓடக்கூடியது. ஆனால் பழுதானால் திறந்து சீர்செய்ய இயலாது. இரண்டும் தானியங்கிகளே எனினும், ஒன்று பழுதுறும்வரை அணியும் பொருள், மற்றொன்று பழுது நீக்கி அணியும் பொருள். வாங்குபவர் தம் தேவைக்கு ஏற்ப முதலில் முடிவுசெய்ய வேண்டியது இவ்வேறுபாட்டையே ஆகும்.